கறுப்புக் கேனில் இன்னொருவர்

துணிப்பை எதுவும் இல்லாமல், மார்போடு அணைத்த ஒரு ஆஸ்பத்திரிக் கோப்புடன் அந்தப் பெண் கடைப்படி ஏறியபோதே, இவள் அளவு கொடுக்க வந்தவள் இல்லை என்று தையல்காரருக்குத் தெரிந்துவிட்டது. இப்படி வெறுங்கையுடன் வருகிறவர்கள் எல்லாம் அவருடைய மனைவியைத் தேடித்தான் வருவார்கள்.

அவருடைய மனைவியை அக்கம்பக்கத்தில் லேப்பம்மா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஊரார் சிக்கல்கள் அவரைத் தேடி வீட்டுக்கே வர ஆரம்பித்தன. அவற்றை அவிழ்ப்பது லேப்பம்மா. அவிழ்த்ததில் பாதி தன்னால்தான் என்று சொல்லிக்கொள்வது தையல்காரர். இந்தப் பாகப்பிரிவினையில் இருவருக்கும் சண்டை வந்ததில்லை.

"அம்மா, நான் என் தம்பிக்கு ஒரு கிட்னி கொடுக்கணும்" என்றாள் வந்தவள். "ஆனா கொடுக்க விருப்பமில்லாம நானே பரிசோதனையைக் கெடுக்கறேன்னு டாக்டர் நினைக்கறார்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. தையல்காரர் அவசரமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். லேப்பம்மா வெட்டுமேஜையில் இருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, "மொதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

அவள் சொன்னது இதுதான். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடமாக டயாலிசிஸ். பெற்றவர்கள் இல்லை, அக்காள் வீட்டில்தான் இருக்கிறான். அவளுடையது பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு, அவள் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு நாள் முழுக்கக் கழிக்கும் சிறுநீரைக் கறுப்புக் கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். முதல் கேனின் கணக்குப்படி அவளுடைய சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. சந்தேகப்பட்டு மறுபடி சேர்க்கச் சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சேர்த்த இரண்டாவது கேனில் வேலை முழுதாக இருந்தது. ஆனால் இருக்கக் கூடாத புரோட்டீன் ஏராளமாக இருந்தது. மறுநாள் ரத்தம் கொடுக்கப் போனபோது லேபிலேயே அவள் பிடித்துக் கொடுத்த சின்ன பாட்டிலிலோ புரோட்டீன் துளிகூட இல்லை.

"டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டார். 'விருப்பமில்லைன்னா வெளிப்படையா சொல்லும்மா, வேற காரணம் எழுதி உன்னை விட்டுடறோம்'னார். திங்கட்கிழமை குழு உட்காருது. அதுக்குள்ள சுத்தமான கேன் ஒண்ணு போகலேன்னா என் பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் என் தம்பி வேற கிட்னிக்கு வரிசையில நிக்கணும். எத்தனை வருஷமோ, அதுவரைக்கும் அவன் இருப்பானோ..."

அன்று வெள்ளிக்கிழமை. லேப்பம்மா கேட்டார்: "காலைல முதல் தடவை போனதைக் கொட்டிட்டுத்தானே ஆரம்பிச்சே?"

"கொட்டிட்டேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு விடலை. மறுநாள் காலைல போனதையும் சேர்த்தேன்."

லேப்பம்மா காகிதங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். தையல்காரரும் குனிந்து பார்த்தார். முதல் கேன்: அறுநூற்றைம்பது மில்லி, கிரியாட்டினின் 460, புரோட்டீன் இல்லை. இரண்டாம் கேன்: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மில்லி, கிரியாட்டினின் 960, புரோட்டீன் ஏராளம், அடியில் தங்கியதில் 'அகலமான மெழுகு அச்சுகள்'. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க!" என்றார், இருந்தாலும் சும்மா இருக்க முடியாமல். "அறுநூத்தம்பது எங்கே, மூவாயிரம் எங்கே?"

"உங்க வாயிலயும் கொஞ்சம் ஊத்தணும்" என்றார் லேப்பம்மா. "உன் எடை என்னம்மா?"

"நாப்பத்தெட்டு கிலோ."

"வீட்ல யார் யார்?"

"நான், வீட்டுக்காரர், மாமியார், தம்பி. ரெண்டு கேனையும் லேபுக்குக் கொண்டு போனது எங்க வீட்டுக்காரர்தான்." பிறகு தயங்கிச் சொன்னாள்: "அவருக்கு இதுல இஷ்டமில்லை."

தையல்காரர் மனைவியை அர்த்தத்துடன் பார்த்தார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்பது அந்தப் பார்வையின் அர்த்தம். லேப்பம்மா கண்டுகொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து சோதனைப் பட்டைகள் உள்ள ஒரு டப்பாவையும் சின்ன பாட்டில்கள் சிலவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீடு மூன்று அறைகள் கொண்டது. கூடத்தின் ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் தம்பியின் அறை. அதை ஒட்டிக் குளியலறை. அங்கேதான் ஒரு வாளிப் பனிக்கட்டிக்கு நடுவில் கேனை வைத்திருந்தாளாம். உள்ளே போகிறவர் கதவைத் தாழிட்டுக்கொண்டால் கேனை யார் என்ன செய்தாலும் வெளியே தெரியாது.

கதவைத் திறந்த மாமியார் குள்ளமாக, ஒடிசலாக, சண்டைக்குத் தயாராக இருந்தார். "ஒண்ணுக்குப் போனதை விசாரிக்க வீட்டுக்கு வர்றாங்க! இன்னும் என்னென்ன கூத்தெல்லாம் பார்க்கணுமோ" என்றார். "நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். முதல்ல வேண்டாம்னுதான் சொன்னேன். நல்லா இருக்கற உடம்பை எதுக்கு அறுக்கணும்? அப்புறம் இவ அழுத அழுகையைப் பார்த்து விட்டுட்டேன்."

"ரெண்டாவது கேன் அன்னிக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார் லேப்பம்மா.

"என்ன பண்ணினேனா? முதல் தடவை கம்மின்னு சொல்லிட்டாங்களே! அதனால அரை மணிக்கு ஒரு செம்பு தண்ணி இவ வாயில ஊத்தினேன். நிறைய வந்தா நல்ல ரிசல்ட் வரும்ல?"

மருமகள் தலையாட்டினாள். "ராத்திரி எட்டு தடவை எழுந்தேன்" என்றாள் சோர்வாக.

மூவாயிரம் மில்லியின் மர்மம் இப்படி இரண்டே நிமிடத்தில் கலைந்துபோனதில் தையல்காரருக்கு மனம் வாடியது. கெடுக்க நினைத்தவர் என்று பார்த்தால், இந்த அம்மாள் தன்னால் ஆனதைச் செய்து உதவியிருக்கிறார்.

அடுத்து வந்தார் வீட்டுக்காரர். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. பீரோவைத் தனியாளாக மாடியேற்றுவதால் நண்பர்கள் அவரைப் பீரோ என்றே கூப்பிடுவார்கள். தோள் இருபத்தோரு அங்குலம் இருக்கும், சட்டைக்குத் துணி இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும் என்று தையல்காரரின் கண் தன்பாட்டில் அளந்தது.

"ஆமா, எனக்குப் பிடிக்கலை" என்றார் பீரோ. "என் பொண்டாட்டிக்கு ஏதாவது ஆனா நான் என்ன பண்ணுவேன்? ஆனா கேனைத் தொட்டதில்லைங்க. மூடியைக்கூடத் திறக்கலை. பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு நான்."

இவன்தான் என்று வந்தபோது நினைத்த தையல்காரருக்கு, இவன் இல்லை என்று இப்போது பட்டது. அப்படிப் பட்டதே ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அவர் கூடத்தின் நடுவே நின்றார்.

தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும், முகம் வெளுத்திருந்தது, இடது முழங்கையில் ஊசிகள் ஏறி ஏறித் தடித்த மேடு. பக்கத்தில் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றும், ஒரு நோட்டும். "ஒரு நாளைக்கு நான் எவ்வளவு குடிக்கறேன், எவ்வளவு வெளிய போகுதுன்னு எழுதி வைக்கணும் சார். டயாலிசிஸ் நர்ஸ் அதைப் பார்த்துத்தான் உடம்புலேர்ந்து தண்ணி எடுப்பாங்க" என்றான். தையல்காரர் நோட்டைப் புரட்டினார். வெளியே போனது: 160, 150, 170, 150... ஒரே ஒரு நாள் மட்டும் ஒரு சிறு கோடு. போன ஞாயிற்றுக்கிழமை. பாவம், அன்றைக்கு அதுவும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நோட்டை மூடி லேப்பம்மாவிடம் கொடுத்தார். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"உங்க அக்கா கேன் கெட்டுப்போனது பத்தி நீ என்ன நினைக்கறே?"

"என்னத்தை நினைக்கறது" என்றான் தம்பி. "அவளுக்கு ஒத்துவரலைன்னா விட்டுட வேண்டியதுதானே. அவளை எதுக்குப் போட்டுப் படுத்தணும்?"

லேப்பம்மா கூடத்துக்கு வந்து பாட்டில்களை எடுத்து வைத்தார். "எல்லாரும் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க. என் வீட்டுக்காரரும்."

"நான் எதுக்கு?" என்று தையல்காரர் பதறினார்.

"பட்டை நல்லா வேலை செய்யுதான்னு பார்க்கத்தான்."

மாமியார் ஏதேதோ முணுமுணுத்துக்கொண்டே குளியலறைக்குப் போனார். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு பட்டையை முக்கினார் லேப்பம்மா. புரோட்டீன் இருந்தால் மஞ்சள் பட்டை பச்சையாகும். மாமியாருடையது மஞ்சள். பீரோவுடையது மஞ்சள். அக்காளுடையதும் மஞ்சள். தையல்காரருடையதும் மஞ்சளாகவே இருந்ததில் அவர் பெருமூச்சு விட்டார். தம்பி மட்டும் அறையிலிருந்தே, "எனக்கு இப்ப வராதுங்க" என்று சொன்னான்.

இப்போது தையல்காரரின் குழப்பம் உச்சத்துக்குப் போனது. வீட்டில் யாரிடமும் புரோட்டீன் இல்லை. அப்படியானால் வெளியாள் ஒருவன் வந்து கலந்தானா? லேபில் மாறிவிட்டதா? மாமியார் கேனில் முட்டையை உடைத்து ஊற்றியிருப்பாரோ என்றுகூட யோசித்து, அதை மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

"முட்டைல மெழுகு அச்சு வராதுங்க" என்றார் லேப்பம்மா. "எல்லாரும் உட்காருங்க. தம்பியையும் கூப்பிடுங்க."

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தம்பி சுவரைப் பிடித்து மெல்ல வந்து நாற்காலியில் அமர்ந்தான்.

"கிட்னி என்ன செய்யுதுன்னு தெரிஞ்சா கேனை யார் தொட்டாங்கன்னு தெரிஞ்சிடும்" என்று ஆரம்பித்தார் லேப்பம்மா. "நம்ம வீட்ல அலமாரியைச் சுத்தம் பண்றப்போ என்ன பண்றோம்? வேண்டாததைத் தேடித் தேடி எடுக்கறதில்லை. எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டு, வேணுங்கறதைப் பொறுக்கித் திரும்ப உள்ள வைக்கறோம். கிட்னியும் அப்படித்தான். ஒவ்வொண்ணுலயும் பத்து லட்சம் சல்லடை இருக்கு. ரத்தத்துலேர்ந்து ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர் அதுல வடியும். வடிஞ்சது நீளமான நுண்குழாய்ல போறப்போ, தண்ணி, சர்க்கரை, உப்புன்னு தேவையானதை உடம்பு திரும்ப இழுத்துக்கும். கடைசில மிஞ்சற ஒண்ணரை ரெண்டு லிட்டர்தான் மூத்திரப்பைக்கு இறங்கி வெளிய வருது."

"நூத்தியெண்பது லிட்டரா!" என்றார் தையல்காரர். தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அதனால எவ்வளவு தண்ணி வந்ததுங்கறது பெரிசில்லை. நிறையக் குடிச்சா நிறைய வரும். பார்க்க வேண்டியது கிரியாட்டினின். அது தசை நாள்தோறும் விடற கழிவு. தசை எவ்வளவோ அவ்வளவு. தண்ணி குடிச்சாலும் குடிக்காட்டியும் ஒரு நாள் கணக்கு மாறாது."

"வெட்டுத்துண்டு மாதிரி" என்றார் தையல்காரர் சட்டென்று. "எத்தனை சட்டை தைச்சேன்னு கீழ கிடக்கற துண்டைப் பார்த்தே சொல்லிடலாம். தரையைத் தண்ணி விட்டுக் கழுவினாலும் துண்டு கூடாது, குறையாது."

லேப்பம்மா அவரை ஒரு முறை நின்று பார்த்தார். "அதேதான்" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று தையல்காரரால் விரல் விட்டு எண்ண முடியும்.

"நாப்பத்தெட்டு கிலோ பொண்ணுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு தொள்ளாயிரம் வரணும். முதல் கேன்ல 460. கிட்னி கெட்டதுனால அது குறையலை. அப்படிக் கெட்டிருந்தா கழிவு ரத்தத்துல ஏறியிருக்கும். இவ ரத்தம் சுத்தம். பாதி கேனை யாரோ கொட்டிட்டாங்க. ரெண்டாவதுல 960. அதாவது இவளோடது முழுசா இருக்கு, மேல சொச்சமா ஏதோ சேர்ந்திருக்கு."

பீரோ நிமிர்ந்தார். "நான் சேர்க்கலை."

"நீங்க சேர்த்திருந்தா எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். உங்க உடம்பு தசைக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் போகும். ஒரே ஒரு தடவை போனாக்கூட எண்ணிக்கை எகிறியிருக்கும். அதோட உங்க பட்டை மஞ்சள். புரோட்டீன் பெரிய பொருள். நல்ல சல்லடைல இறங்காது. சல்லடை கிழிஞ்சிருந்தாத்தான் இறங்கும். அப்படி இறங்கற புரோட்டீன் நுண்குழாய்ல தேங்கி, குழாயோட வடிவத்துலயே உறைஞ்சு வெளிய வரும். அதுதான் மெழுகு அச்சு. ரொம்ப நாளா கெட்டுப்போய், குழாயெல்லாம் விரிஞ்சுபோன கிட்னிலதான் அகலமான அச்சு வரும். அதை முட்டையால பண்ண முடியாது. ஆக ரெண்டாவது கேன்ல கலந்தது கிரியாட்டினினைச் சரியா வெளியேத்த முடியாத, புரோட்டீனை நிறுத்த முடியாத ஒருத்தரோடது. கொஞ்சம்தான் கலந்திருக்கு. ஏன்னா அவருக்கு ஒரு நாளைக்கே அவ்வளவுதான் வரும்."

தையல்காரருக்கு இப்போதுதான் அந்த நோட்டின் சிறு கோடு கண்முன் வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை உன் நோட்ல சைபர் இல்லை, கோடு" என்றார் லேப்பம்மா தம்பியைப் பார்த்து, மிக மென்மையாக. "வந்தது, ஆனா குவளைக்குப் போகலை. நர்ஸ்கிட்ட பொய் எழுத மனசு வரலை, உண்மையையும் எழுத முடியலை. நீயே சொல்றியாப்பா?"

அக்காள் தம்பியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. விடிந்த பிறகும் விளங்காத கனவைப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். "நீயாடா? உனக்காகத்தானேடா..."

"முதல் தடவை நான்தான் கொட்டினேன்" என்றான் தம்பி. "கம்மியா இருந்தா ஆகாதுன்னுடுவாங்கன்னு நினைச்சேன். மறுபடி சேர்க்கச் சொல்லிட்டாங்க. கெட்ட கிட்னின்னா புரோட்டீன் வரணும்னு மூணு வருஷமா கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அதான் என்னோடதை..." குளியலறைப் பக்கம் கை காட்டினான். "ஆனா டாக்டர் உன்னைச் சந்தேகப்படுவார்னு நினைக்கவே இல்லைக்கா. சத்தியமா."

"ஏன்டா?"

"அப்பாவுக்குக் காலெல்லாம் வீங்கினது ஞாபகம் இருக்கா? யூரின் நுரைநுரையா போகுதுன்னு சொல்வார். ஒரு டாக்டர்கிட்டயும் காட்டலை, போய்ட்டார். எனக்கு வந்தப்போ அதே வீக்கம், அதே நுரை. இது நம்ம குடும்பத்துல வர்றதுக்கா. நாளைக்கு உனக்கும் வந்துட்டா? எனக்கு ஒண்ணு கொடுத்துட்டு, மிச்சம் இருக்கற ஒண்ணும் போயிடுச்சுன்னா? நான் கட்டிப்போட்ட மாதிரி அந்த மெஷின் பக்கத்துல படுத்திருக்கேனே, அந்த இடத்துல உன்னைப் பார்க்கணுமா? வேண்டாம்னு நேரா சொன்னா நீ கேட்க மாட்டே. எதையாவது செஞ்சு உன்னைக் காப்பாத்தணும்னு தோணிச்சு."

பீரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "படிச்ச முட்டாள்" என்றார். குற்றவாளியைக் கண்டுபிடித்தால் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் தையல்காரர் இவ்வளவு நாள் நினைத்திருந்தார்.

லேப்பம்மா மட்டும் அதே குரலில் பேசினார். "நீ பயப்படறது நியாயம்தான். அந்தப் பயத்தை டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும். அப்பா விஷயத்தை மறைச்சது தப்பு. ஆனா ஒண்ணு யோசி. அக்காவோட சல்லடை கிழிய ஆரம்பிச்சிருக்கான்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது? இந்தக் கேனை வெச்சுத்தான். உனக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேணுமோ, அந்தப் பதிலைத்தான் நீ ரெண்டு தடவை கெடுத்திருக்கே. இவளுக்கு நிஜமாவே ஏதாவது இருந்து, நீ கலந்ததுல அது மறைஞ்சு போயிருந்தா?"

தம்பி அக்காளை நிமிர்ந்து பார்த்தான். அதை அவன் யோசித்திருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"ரிசல்ட் கெட்டு வந்தா நிறுத்திடுவியா?" என்று அக்காளைக் கேட்டான்.

"நிறுத்திடறேன். நல்லா வந்தா நீ வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கணும்."

தம்பி அன்று மாலையே டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினான். செய்த இரண்டையும், அப்பாவின் வீக்கத்தையும் ஒன்றுவிடாமல் எழுதிப் பீரோவிடம் கொடுத்தனுப்பினான். டாக்டர் அதைப் படித்துவிட்டு, மூன்றாவது கேனை எடுத்து வரச் சொன்னார். அது சரியாக வந்தாலும் பரம்பரை நோய்க்கான பரிசோதனை முடிந்த பிறகுதான் அறுவை சிகிச்சை என்றும் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு காலை ஆறு மணிக்கு முடித்தார்கள். மாமியார் தண்ணீர்ச் செம்பைத் தொடவில்லை. ஞாயிறு பிற்பகல் லேப் வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள். தையல்காரரும் வந்திருந்தார், வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. உறை வந்ததும் லேப்பம்மா அதைப் பிரிக்காமல் தம்பியிடம் நீட்டினார். "உனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

அவன் பிரித்தான். கிரியாட்டினின் 880. புரோட்டீன் இல்லை. அச்சுகள் இல்லை. அவன் அதை மூன்று முறை படித்தான். கடைசி முறை வாய்விட்டுப் படித்தான்.

"இன்னும் ஸ்கேன் இருக்கு, மத்த பரிசோதனை இருக்கு" என்று எச்சரித்தார் லேப்பம்மா. "இது முதல் கதவுதான்."

அக்காள் தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்ப என்னடா சொல்றே?"

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்" என்றாள் அவள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தான்.

"நாளைக்குக் குழு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"பத்து மணிக்கு."

"நானும் வர்றேன்" என்றான் தம்பி.